கிணறும் அதைக் காத்த கைகளும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூரை நோக்கிப் போனால் தண்டலம். மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, அவற்றை ஒட்டி மெஸ்ஸும் மாணவர் விடுதியும் ஜெராக்ஸ் கடையும். விடிவதற்குள் ஷிப்டுக்கு ஆள் ஏற்றக் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே தண்ணீர் லாரி, கேன் ஏற்றிய குட்டியானை.

இந்த வட்டாரத்தில் ஒரு வாடகை வீட்டுக்குள் நுழைந்தால் மூன்று விதத் தண்ணீரைப் பார்க்கலாம். துணி துவைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் போர் தண்ணீர். சமையலுக்கு, பஞ்சாயத்துக் குழாயில் வந்தபோது பிடித்து வைத்த தண்ணீர். குடிக்க 20 லிட்டர் கேன். மூன்றில் எதை யார் தொட வேண்டும், எதைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பது வீட்டுப் பெண்ணுக்கு மனப்பாடம். மாதச் செலவில் அரிசி, பால், வாடகையோடு தண்ணீரும் ஒரு வரியாக ஏறிவிட்டது.

தொழிற்சாலை வந்தது, ஏரி போனது, கிணறு வற்றியது என்று இந்த மாற்றத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். அதற்குள் இன்னொரு மாற்றமும் இருக்கிறது. ஊருக்குத் தண்ணீர் தருமம் செய்கிற முறையே மாறிப்போய்விட்டது. அன்று கிணறு வெட்டியவர்களில் பலர், அதைப் பார்த்துக்கொள்ள ஆளையும் அந்த ஆளுக்கான வருமானத்தையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள். இன்று பல இடங்களில் திறப்பு விழாவோடு தருமம் முடிந்துவிடுகிறது. பராமரிக்க ஆளில்லாத கிணறு பாதி தருமம்தான். ஏரியைக் கைவிட்டுவிட்டுக் கொடுத்த கிணறு அதிலும் பாதி.

எழுதிவைத்த தருமம்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஐயங்கார்குளத்தில் ஒரு நடவாவிக் கிணறு இருக்கிறது. கல் படிகளில் இறங்கிப் போனால் தரைக்கு அடியில் தூண்கள் சூழ்ந்த மண்டபம், அதன் நடுவே கிணறு. விஜயநகரக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், லட்சுமிகுமார தாதாச்சாரியார் செய்த திருப்பணி என்று சொல்லப்படுவது. கிணற்றோடு அவர் நிற்கவில்லை. அதே ஊரில் அவர் பெயரைச் சொல்லும் தாதசமுத்திரம் என்ற பெரிய நீர்நிலையும் உண்டு. சித்ரா பௌர்ணமி அன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் இந்த மண்டபத்துக்குள் எழுந்தருளுவார். அதற்காகத் தண்ணீரை இறைத்து மண்டபத்தைத் துப்புரவு செய்வார்கள். விழா முடிந்ததும் ஊற்று மறுபடி நிறைக்கும். யாரும் உத்தரவு போடாமலே ஆண்டுக்கு ஒருமுறை கிணறு இறைக்கப்படுகிறது. பராமரிப்பை விழாவாகவே ஆக்கிவைத்த அந்த யோசனையை வியக்காமல் இருக்க முடியாது.

திருச்சிக்கு அருகே திருவெள்ளறையில் இதைவிடப் பழைய கிணறு ஒன்று. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்பு, கம்பன் அரையன் என்பவர் எடுப்பித்த மார்ப்பிடுகு பெருங்கிணறு. நான்கு திசையிலிருந்தும் படிகள் மடங்கி மடங்கி உள்ளே இறங்கும். கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டு இன்றும் சொல்கிறது.

கிணற்றுக்கு மேல் ஏரி. இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்கள் ஏரிகளால் ஆன நிலம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடத்தில் ஓலையிட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. அந்த முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வது ஊர் ஆட்சியின் வேலை என்பதற்கு நமக்குக் கல்லில் சான்று இருக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சி வந்த புதிதில், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையின் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகளை வரலாற்றாளர் தரம்பாலும் அவரைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்களும் நம் காலத்தில் மீட்டெடுத்தார்கள். களத்து மேட்டில் நெல்லை அரசுக்கும் குடியானவருக்கும் பிரிப்பதற்கு முன்பே கோயில், தச்சர், கொல்லர், வண்ணார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு எடுத்துவைப்பார்கள். அதில் ஏரிப் பராமரிப்புக்கும் ஒரு பங்கு உண்டு. ஏரிக்கு யாரும் நன்கொடை கேட்டுப் போக வேண்டியதில்லை. நெல் அடிக்கும் இடத்திலேயே அதன் பங்கு அளக்கப்பட்டுவிடும்.

அந்த ஏற்பாட்டின் கீழ் மதகு திறக்க நீர்கட்டி இருந்தார். கோடையில் வீட்டுக்கு ஒரு ஆள் என்று வரத்துக்கால்வாயில் மண் எடுத்தார்கள். ஏரிக்கரைக்குக் கீழே குடிதண்ணீர்க் கிணறு தோண்டினார்கள். ஏரியில் நிற்கும் தண்ணீர் மண் வழியாக வடிந்து கிணற்றில் தெளிந்து நிற்கும். ஏரி நிறைந்த ஆண்டில் கயிறு நாலு முழம் போதும். ஏரி காய்ந்த ஆண்டில் கயிற்றை நீட்ட வேண்டும். கிணற்றின் கயிறே ஏரியின் கணக்கைச் சொல்லிவிடும்.

பிரிட்டிஷ் ஆட்சியில் வருவாய் முறை மாறியபோது அந்தப் பங்குகள் ஊரின் கையைவிட்டுப் போயின. பொதுப்பணித் துறை வந்தது. ஏரி சர்க்காருடையது ஆனது. ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து பேச்சளவில் மிஞ்சியது.

யாருக்கு எந்தக் கிணறு

அன்றைய முறையைப் புகழும்போது மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. ஊர்க் கிணறு ஊருக்கு மட்டும்தான். சேரிக்கு அதில் உரிமையில்லை. குடத்தோடு தள்ளி நின்று, யாராவது மனம் இரங்கி ஊற்றும்வரை காத்திருந்த பெண்களின் தலைமுறைகள் இந்தச் செங்கல்பட்டுச் சீமையிலும் வாழ்ந்து மடிந்தன. தருமக் கிணறு என்று கல்லில் பொறித்துவிட்டு ஒரு பகுதி மக்களைத் தொடவிடாமல் தடுத்த தருமத்துக்கு என்ன பெயர் வைப்பது?

அந்தக் கேள்வியைச் சட்டமன்றத்தில் எழுப்பியவர் இதே சீமையில், மதுராந்தகம் பக்கம் கோழியாளம் கிராமத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றை எல்லாச் சாதியினரும் பயன்படுத்தலாம் என்றது. 1925இல் அரசு அதை அறிவித்தது. மகாராஷ்டிரத்தின் மஹாத் நகரில் சவுதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு அள்ளிக் குடித்தது அதற்கும் பிறகு, 1927 மார்ச்சில். 1932இல் தொடங்கிய ஹரிஜன சேவக சங்கம் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகளில் கிணறு தோண்டிக் கொடுத்தது. தாகம் தீர்ந்தது உண்மை. ஆனால் தனிக் கிணறு கொடுத்தபோது, பொதுக் கிணற்றைத் திறந்துவிட வேண்டிய கட்டாயத்திலிருந்து ஊர் தப்பித்துக்கொண்டதும் உண்மை.

சீனிவாசனின் தீர்மானத்துக்கு 98 ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களுக்குத் தண்ணீர் தந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. சுத்தமான தண்ணீர் என்பதை ரசாயனப் பரிசோதனையால் மட்டும் அளந்துவிட முடியாது. எல்லாரும் அச்சமின்றிக் குடிக்க முடிந்தால்தான் அது சுத்தத் தண்ணீர்.

போரிங் வந்த காலம்

1966–67இல் பீகாரில் பெரும் வறட்சி. அதையொட்டி, கடினப் பாறையைத் துளைக்கும் ரிக் இயந்திரங்களை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. வாரக்கணக்கில் கையால் வெட்டிய ஆழத்தை ஓரிரு நாளில் துளைத்துவிட்டார்கள். ஊர் ஊராகக் கை பம்பு நின்றது. திருச்சபைகளும் வெளிநாட்டுத் தொண்டு அமைப்புகளும் கிணறு தருவதை முதன்மைப் பணியாக எடுத்துக்கொண்ட காலம் அது. 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் உருவாகிக் கிராமக் குடிநீரைத் தன் பொறுப்பில் எடுத்தது.

நட்ட பம்புகள் சீக்கிரமே ஓய்ந்தன. ஒரு வீட்டுத் தோட்டத்துக்காக வெளிநாட்டில் வடிவமைத்த வார்ப்பிரும்பு பம்பை இங்கே ஒரு கிராமமே விடிகாலை முதல் இருட்டும்வரை அடித்தால் எத்தனை நாள் தாங்கும்? 1970களின் நடுவில் பார்த்தபோது பெரும்பான்மை பம்புகள் பழுதாகிக் கிடந்தன. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் தொண்டு நிறுவனத்தார் உருவாக்கிய உறுதியான எஃகு பம்பை முன்மாதிரியாக வைத்து, கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்து, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் ஆலையில் 1977 வாக்கில் உற்பத்தி தொடங்கினார்கள். அதுதான் இந்தியா மார்க் 2. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகளுக்குப் போய், உலகில் மிக அதிகமாகப் பயன்படும் கை பம்பு வகைகளில் ஒன்றாக அது ஆனது.

இந்தக் கதையில் பம்பைவிட முக்கியமானது அதைக் காக்கத் தமிழ்நாட்டில் தோன்றிய ஏற்பாடு. திருநெல்வேலி மாவட்டத்தில் முயன்று பார்த்து விரித்த மூன்றடுக்குப் பராமரிப்பு முறை அது. ஊரில் ஒரு பொறுப்பாளர். ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக். மாவட்டத்தில் வண்டியோடும் கருவிகளோடும் ஒரு குழு. ஊர்ப் பொறுப்பாளர் போல்ட் முடுக்குவார், சங்கிலிக்கு கிரீஸ் போடுவார், மேடையைச் சுத்தமாக வைத்திருப்பார். தன்னால் ஆகாததற்கு ஒரு தபால் அட்டை எழுதிப் போடுவார்.

பம்பு பிரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஏற்பாட்டின் அருமை புரியும். மேல் மூடியைத் திறந்து சங்கிலியைக் கழற்றுவார்கள். ராடைக் கவ்விப் பிடித்து, குழாயை மேலே தூக்கி, ஒவ்வொரு துண்டாகக் கழற்றித் தரையில் அடுக்குவார்கள். ஊர் இளைஞர்கள் நாலைந்து பேர் கை கொடுக்காமல் குழாய் மேலே வராது. கடைசியில் சேறும் துருவுமாக சிலிண்டர் வெளியே வரும். அதற்குள் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வாஷர். அது தேய்ந்ததால்தான் அத்தனை நாளும் பம்பு வெறும் காற்றை அடித்தது. சில ரூபாய் வாஷரை உரிய நாளில் மாற்ற ஒரு மனிதர் இருந்தால் கிணறு பிழைக்கும். இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கில் செலவழித்துத் துளைத்த கிணறு துருப்பிடித்த இரும்பாக நிற்கும்.

1986இல் ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது தேசியக் குடிநீர் இயக்கம் தொடங்கியது. தண்டலத்துக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று அவர் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அந்த இயக்கத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நாடு முழுக்கக் கிராமக் கிணறுகளுக்குப் பணம் தந்த திட்டம் இந்த ஊரின் துயரத்தோடு அப்படி ஒட்டிக்கொண்டது.

ஆலைகள் வந்தன

1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டத் தொடங்கியது. 1998இல் கார் வெளியே வந்தது. 2006இல் நோக்கியா வந்து 2014இல் மூடிவிட்டுப் போனது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர், அடுத்து ராயல் என்ஃபீல்டு. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்தார். ஒரே வளாகத்தில் ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை. வேலை வந்தது, சம்பளம் வந்தது, பெண் பிள்ளைகள் சொந்தக் காலில் நின்றார்கள். இவற்றைக் குறைத்துப் பேசுவது அநியாயம்.

நிலத்தடியில் நடந்தது வேறு. இந்த வட்டாரத்தில் கோண்ட்வானா காலத்துக் களிமண், களிக்கல் படிவுகள் உண்டு. நிலவியலாளர்கள் அதை ‘ஸ்ரீபெரும்புதூர் படிவம்’ என்றே அழைக்கிறார்கள். களிமண் தண்ணீரை எளிதில் விட்டுக்கொடுக்காது. அப்படிப்பட்ட நிலத்தில் மேல்மட்டத்தில் ஏரி கசியவிடும் தண்ணீர்தான் கிணற்றுக்கு உயிர். பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கத்துக்கு வந்து சேர வேண்டும். அதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மனைப்பிரிவும் சாலையும் குடோனும் எழுந்தபோது ஏரிகளுக்கு இடையே இருந்த கால்வாய்கள்தான் முதலில் காணாமல் போயின. ஏரியை மூடினால் கண்ணில் படும். கால்வாயை மூடினால் யாருக்கும் தெரியாது. போர் மட்டும் ஆழமாகிக்கொண்டே போனது.

சென்னையின் தாகத்தையும் இந்த மாவட்டங்களே சுமந்தன. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்துக் கிடந்தது. சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்பினார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2015 டிசம்பரில், இதே ஏரி நிரம்பித் திறந்துவிட்ட தண்ணீரால் அடையாற்றங்கரை மூழ்கியிருந்தது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் பொதுவான ஒரு காரணம்: தண்ணீர் தங்க வேண்டிய சின்ன ஏரிகளில் தங்கவில்லை.

நல்ல மாற்றம் ஒன்றையும் பதிவுசெய்ய வேண்டும். கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலையில் சுத்திகரிக்கும் நிலையம் 2019இல் இயங்கத் தொடங்கியது. அந்தத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் வளாகங்களுக்கு வருகிறது. நகரம் ஒருமுறை பயன்படுத்திய தண்ணீரில் ஆலை ஓடினால், அந்த அளவுக்குக் குடிதண்ணீர் மக்களுக்கு மிஞ்சுகிறது. எந்தக் கிணற்று நன்கொடையையும்விட இது பெரிய கொடை.

பலகை வைத்த தருமம்

2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறை. பாதுகாப்பான குடிநீரும் அந்தப் பணிகளின் பட்டியலில் உண்டு. ஆலைகள் நிறைந்த இந்த வழித்தடத்தில் அதன் அடையாளம் ஆர்.ஓ. அறை. பள்ளிச் சுவரை ஒட்டியோ ரேஷன் கடைக்குப் பக்கத்திலோ தகர ஷட்டர் போட்ட சின்னக் கட்டடம், மேலே கம்பெனி பெயரும் திறந்துவைத்த நாளும் போட்ட பலகை, முன்னால் ஒரு குழாய், சில இடங்களில் நாணயம் போடும் பெட்டி. உள்ளே மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, வெள்ளைக் குழாய்களுக்குள் மெம்பிரேன்.

ஓடும்வரை மிக நல்ல காரியம். மெம்பிரேன் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? மாற்றப் பணம் வேண்டும். கரன்ட் பில் யார் பெயரில்? பஞ்சாயத்து கம்பெனியைப் பார்க்கும். கம்பெனி ஒப்படைத்துவிட்டோம் என்று கையெழுத்தைக் காட்டும். நடுவில் ஷட்டர் இறங்கிவிடும். ஊர் மறுபடி கேனுக்குப் போகும். சில இடங்களில் தேவையே இல்லாத இயந்திரத்தை வைத்துவிடுவதும் நடக்கிறது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவுக்குள் உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. எதற்கு? சின்ன இயந்திரங்கள் பலவற்றில் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்தால் ஒரு குடமோ அதற்கு மேலோ உவர் நீராக வாய்க்காலுக்குப் போகிறது. வற்றிவரும் நிலத்தடி நீரை இப்படிக் கொட்டுவதற்கு முன் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

பரிசோதிக்காத தருமம் எவ்வளவு பெரிய தீங்காகும் என்பதற்கு வங்கதேசம் சாட்சி. 1970களில் தொடங்கி யுனிசெஃபும் அரசும் தொண்டு நிறுவனங்களும் அங்கே குழாய்க் கிணறுகளைப் பரப்பின. குளத்து நீரால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மடிந்ததைத் தடுக்கவே அது நடந்தது, நோக்கம் புனிதமானது. 1993இல் அந்தக் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது உறுதியானது. வரலாற்றில் மிகப் பெரிய மக்கள் நச்சேற்றம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் 2000இல் அதை எழுதியது. பிறகுதான் கிணறு கிணறாகச் சோதித்து, ஆபத்தான பம்புக்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் அடித்தார்கள். ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே நட்ட கை பம்புகளில் எந்த நேரத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஓடுவதில்லை என்று 2009இல் கிராமக் குடிநீர் வல்லுநர்கள் தொகுத்தார்கள். கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. கொடுத்த பின்னால் யார் பார்ப்பது என்று கேட்காமல் கொடுத்தார்கள்.

முழுத் தருமம்

வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை ஏரியையும் ஊருணியையும் சீரமைக்கும்போது அந்த ஊர் விவசாயிகளையே சங்கமாகச் சேர்த்து, பிற்காலப் பராமரிப்பை அவர்கள் கையில் கொடுக்கிறது. அருண் கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய இந்தியச் சுற்றுச்சூழல் அறக்கட்டளை கம்பெனிகளின் பணத்தையும் தன்னார்வலர்களின் உழைப்பையும் சேர்த்துச் சென்னையைச் சுற்றிய ஏரிகளைத் தூர் வாருகிறது. 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு திட்டம் கொண்டுவந்தது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 55 லிட்டர் குழாய் நீர் என்று இலக்கு வைத்தது. குழாய் எல்லா வீட்டுக்கும் வந்துவிடலாம். குழாய்க்குள் தண்ணீர் வர ஏரி வேண்டும்.

ஆகவே தண்டலம் வட்டாரத்துக்குத் தண்ணீர் கொடுக்க வரும் எந்த நிறுவனத்திடமும் ஊர் கேட்க வேண்டியவை உண்டு. இயந்திரம் வாங்கும் பணத்தோடு பத்து ஆண்டுப் பராமரிப்புப் பணத்தையும் வங்கியில் போட்டுக் கொடுங்கள். ஊரிலேயே ஒருவருக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுங்கள். அந்த வேலை ஊரின் பெண்களுக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது, தண்ணீர் நின்றால் முதலில் தவிப்பவர்கள் அவர்கள்தான். கட்டடத்தின் மேல் உங்கள் பெயரை எழுதுங்கள்; அதற்குக் கீழே இந்த மாதப் பரிசோதனை முடிவையும் எழுதுங்கள். குழாய் எந்தத் தெருவில் வருகிறது, அங்கே எல்லாரும் தயக்கமின்றி வந்து பிடிக்க முடியுமா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கிணறு கொடுத்தால் அதற்கு மேலே உள்ள ஏரியின் ஒரு வரத்துக்கால்வாயையாவது மீட்டுக் கொடுங்கள்.

இவற்றை நிறுவனத்தின் நல்ல மனதுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. இந்த வழித்தடத்தின் ஒவ்வொரு ஊராட்சியும் அன்று ஒரு கணக்கை வாசிக்கட்டும்: ஊரில் யார் யார் கொடுத்த எத்தனை போர், எத்தனை பம்பு, எத்தனை ஆர்.ஓ. அறை, அவற்றில் எத்தனை இன்று ஓடுகின்றன, நின்றவற்றைச் சரிசெய்யும் பொறுப்பு யாருக்கு, எந்த ஏரிக்கு எந்தக் கால்வாய் அடைபட்டிருக்கிறது. வாசித்ததைத் தீர்மானமாக எழுதி, கொடுத்தவர்களுக்கும் ஆட்சியருக்கும் அனுப்பட்டும். உத்திரமேரூரில் ஏரி வாரியம் செய்த வேலையை நம் கிராம சபை எடுத்துச் செய்ய எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை. இம்முறை அதில் எல்லாத் தெருவுக்கும் குரல் உண்டு. ஏரி வாரியத்தின் காலத்தில் இல்லாதது அது ஒன்றுதான், நாம் சேர்க்க வேண்டியதும் அதுதான்.